கடைசி இடத்துக்கு வந்த போட்டி: ஒரு கணினிக் காற்பந்து லீக்கில் புதுமுக டிராஃப்ட் விதி மாறிய விதம்

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத்து ஊர் ஒன்றில் நடக்கும் லீக் இது. ஆட்டம் திடலில் இல்லை, கணினியில். 12 அணிகள், 12 உரிமையாளர்கள். பெரும்பாலோர் ஒரே தோட்டத்து லயங்களில் வளர்ந்து, சாயங்காலம் ஒரே திடலில் பந்து உதைத்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி ஆளுக்கொரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோன பிறகு அந்த ஆட்டமும் நின்றுபோனது. இப்போது சிலர் ஈப்போவில், ஒருவர் பினாங்குத் தொழிற்சாலையில், ஒருவர் சிங்கப்பூரில். வாரத்துக்கு இரண்டு தடவை எல்லாரையும் ஒன்றாகப் பேச வைப்பது இந்த லீக் ஒன்றுதான். அதனால் இதில் எழுந்த ஒரு விதித் தகராறு, கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருந்தாலும், அப்படி லேசாக முடியவில்லை.

நடைமுறை இதுதான். செவ்வாயும் வெள்ளியும் இரவு 8 மணிக்குள் ஒவ்வொருவரும் தங்கள் 11 பேர் பட்டியலையும் ஆட்ட அமைப்பையும் அனுப்ப வேண்டும். செம்பனை ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் நிர்வாகி 9 மணிக்கு மென்பொருளை ஓட்டுவார். முடிவுகள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும். பட்டியல் வரவில்லை என்றால் மென்பொருள் போன ஆட்டத்தின் பட்டியலையே எடுத்துக்கொள்ளும். யார் களைத்திருக்கிறார், யாருக்குக் காயம் என்று அது பார்க்காது. இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகும்.

சீசனுக்கு 22 சுற்று. முதல் நான்கு அணிகள் நாக்அவுட்டுக்குப் போகும். சீசன் முடிந்ததும் மென்பொருள் 36 கற்பனைப் புதுமுகங்களை உருவாக்கும். எல்லாருக்கும் வயது 17. ஒவ்வொருவருக்கும் இப்போதைய திறன் ஓர் எண், எட்டக்கூடிய உச்சத் திறன் ஓர் எண். இவர்களை அணிகள் மூன்று சுற்றாகப் பிரித்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஒரு சுற்றில் எடுக்கும் உரிமைக்கு எங்களிடம் ‘பிக்’ என்று பெயர். கடைசியில் வந்த அணிக்கு முதல் பிக், சாம்பியனுக்குக் கடைசி பிக். பிக்கை ஆட்டக்காரர்களுக்குப் பண்டமாற்றும் செய்யலாம்.

காற்பந்துக்கு இது சொந்தப் பழக்கம் இல்லை. ஐரோப்பிய கிளப்புகள் சிறுவர்களைத் தங்கள் பயிற்சிக் கூடங்களில் வளர்த்தெடுக்கின்றன. கடைசியில் வந்தால் பரிசு கிடையாது, கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். தென் கொரியாவின் கே லீக் சில காலம் புதுமுக டிராஃப்ட் வைத்திருந்து பிறகு கைவிட்டது. மூலம் அமெரிக்கா. அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் 1936-ல் முதல் டிராஃப்டை நடத்தியபோதே வரிசையைத் தலைகீழாகத்தான் வைத்தது. நலிந்த அணி எழுந்து வரட்டும் என்ற எண்ணம். எங்கள் லீக்கும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நான்கு சீசன் வரை யாருக்கும் குறை இல்லை.

லீக்கின் கணக்கும் கூட்டக் குறிப்பும் என் பொறுப்பு. என் அணி எப்போதும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் கிடக்கும், ஆகவே இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஐந்தாம் சீசனில் கண்டது

ஐந்தாம் சீசனில் நிர்வாகி ஒரு புதுமை செய்தார். ஆர்வம் கூடட்டும் என்று புதுமுகப் பட்டியலை 15-ஆம் சுற்றிலேயே வெளியிட்டார். அதில் ஒரு தாக்குதல் ஆட்டக்காரன்: இப்போதைய திறன் 61, உச்சம் 94. லீக்கில் அதுவரை 90-ஐத் தாண்டிய ஆளே வந்ததில்லை. அன்று இரவு குழுவில் பேச்சு முழுக்க அவனைப் பற்றித்தான். கற்பனைப் பையனுக்கு ஊரும் பெயரும்கூட வைத்துவிட்டார்கள்.

அடுத்த சில வாரங்களில் அட்டவணையின் அடியில் இருந்த மூன்று அணிகள் தொடர்ந்து தோற்றன. கைப்பேசிக் கடை வைத்திருப்பவரின் அணி 11-ஆம் இடம். பினாங்குத் தொழிற்சாலைத் தம்பியின் அணி 10. லோரி ஓட்டும் நண்பரின் அணி 12. மூவரும் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது.

வெடித்தது கடைசிச் சுற்றில். நான்காம் இடத்தில் டயர் கடைக்காரர், ஐந்தாம் இடத்தில் இன்னொருவர். இருவருக்கும் சமப் புள்ளி. கோல் வித்தியாசத்தில் டயர் கடைக்காரர் 11, மற்றவர் 7. கடைசி ஆட்டத்தில் டயர் கடைக்காரர் 2-1 என்று வென்றார். மற்றவரோ கைப்பேசிக் கடைக்காரரின் அணியை 7-0 என்று வென்றார். கணக்குப் பார்த்தால் 12-க்கு 14. நாக்அவுட் இடம் கைமாறியது. தோற்ற அணியின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, நடுவில் நின்று கோலடிக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் கோல்கீப்பர் இருந்தார்.

“அவர் தோத்தா அது அவர் இஷ்டம். என் நாலாவது இடம் ஏண்ணே போகணும்?” என்று டயர் கடைக்காரர் கேட்டார். இந்த வழக்கின் மையம் அந்தக் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். தோற்பவர் தன் அணியைத்தானே கெடுத்துக்கொள்கிறார் என்று அதுவரை சிலர் சமாதானம் சொல்லி வந்தார்கள். அந்தச் சமாதானம் அன்றோடு தீர்ந்தது.

இத்தனைக்கும் அந்த 94 பையன் தோற்க முயன்ற யாருக்கும் கிடைக்கவில்லை. லோரி நண்பர் சீசனுக்கு முன்பே ஒரு கோல்கீப்பரையும் நடுக்கள ஆட்டக்காரரையும் வாங்கிக்கொண்டு, ஐந்தாம், ஆறாம் சீசன்களின் முதல் சுற்றுப் பிக் இரண்டையும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்திருந்தார். லோரி நண்பர் கடைசியில் வந்ததால் பையன் போய்ச் சேர்ந்த இடம் ஆசிரியரின் அணி. அந்த அணி ஏற்கெனவே மூன்றாம் இடத்தில் இருந்தது.

பட்டியல் பதிவுகள் சொன்னது

யாரையும் குறை சொல்லும் முன் பதிவைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பட்டியலும் வந்த நேரத்தை மென்பொருள் சேமித்து வைக்கும். நிர்வாகியும் நானும் 14-ஆம் சுற்றிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தோம்.

மூன்று அணிகள், மூன்று கதைகள். கைப்பேசிக் கடைக்காரர் 17-ஆம் சுற்றிலிருந்து தன் சிறந்த ஐவரை உட்கார வைத்திருந்தார். பட்டியல் ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் வந்திருந்தது. அது தெரிந்தே செய்தது. பினாங்குத் தம்பி 17, 18 வயதுப் பையன்களாகப் பார்த்து இறக்கியிருந்தார். பையன்களுக்கு அனுபவம் கொடுத்தேன் என்றார். அடுத்த சீசனை நினைத்து எந்த உண்மையான அணியும் செய்யக்கூடியதுதான், மறுக்க வழியில்லை. லோரி நண்பரிடமிருந்து 14-க்குப் பிறகு பட்டியலே வரவில்லை. அந்த மாதங்களில் அவருக்குத் தொடர்ந்து இரவு ஓட்டம். பழைய பட்டியலே ஓடி ஓடி, காயம்பட்டவரும் களைத்தவருமாக அவர் அணி சரிந்திருந்தது. அவரே தொலைபேசியில் ஒரு வரியில் முடித்தார்: “தோக்கணும்னு நினைக்கிறவன் பிக்கை முன்னாடியே வித்திருப்பானா?”

ஆக, ‘வேண்டுமென்றே தோற்ற மூன்று அணிகள்’ என்று ஊரே பேசியதில் ஒன்றுதான் முழுக்கப் பொருந்தியது. ஒன்று ஆளே இல்லாத அணி, இன்னொன்று இரண்டுக்கும் நடுவில்.

இங்கே ஒரு விஷயம் கோணலாகப் போனது. பதிவுகளை நிர்வாகி நேராகப் பொதுக் குழுவில் போட்டார். கைப்பேசிக் கடைக்காரர் விதியில் எங்கே தடை இருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் இல்லைதான். இரண்டு நாள் கழித்துக் குழுவிலிருந்து விலகிவிட்டார். சிறுவயதுக் கூட்டாளி. கடைத்தெருவில் பார்த்தால் பேசுகிறார், லீக்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கூட்டமும் யோசனைகளும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் பசியாறக் கூடினோம். வர முடியாதவர்கள் தொலைபேசியில். விலகியவரின் அணியை எடுத்துக்கொள்ள முன்வந்த, கிளினிக் முகப்பில் வேலை பார்க்கும் பெண்ணும் வந்திருந்தார். விதி மாற 12-ல் 8 வாக்கு வேண்டும்.

முதல் யோசனை, எல்லாருக்கும் தெரிந்த குலுக்கல். கூடைப்பந்தின் என்பிஏ 1985-லிருந்து இதைச் செய்கிறது. ஆசிரியர் வீட்டுப்பாடத்தோடு வந்திருந்தார். முதல் குலுக்கலில் ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்பு. 1990-லிருந்து நலிந்த அணிக்கு வாய்ப்புக் கூட்டினார்கள். 1993-ல் 66-ல் ஒரு வாய்ப்பு மட்டுமே இருந்த ஓர்லாண்டோ அணி முதல் பிக்கைத் தட்டிக்கொண்டு போனதும், அடுத்த ஆண்டே கடைசி அணியின் வாய்ப்பை 25 விழுக்காடாக உயர்த்தினார்கள். பிறகு அந்த 25-க்காகவே அணிகள் தோற்கின்றன என்று சொல்லி, 2019-லிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 என்று சமப்படுத்தினார்கள்.

இரண்டாவது, பினாங்குத் தம்பி சொன்னது: நாக்அவுட் வாய்ப்பு போன பிறகு எந்த அணி அதிகப் புள்ளி எடுக்கிறதோ அதற்கே முதல் பிக். வட அமெரிக்கப் பெண்கள் பனி ஹாக்கி லீக்கான பிடபிள்யூஎச்எல் 2024-ல் தொடங்கியபோதே இந்த முறையை எடுத்துக்கொண்டது. தோற்பதற்குப் பதில் ஜெயிக்க வேண்டும், நலிந்த அணி சீக்கிரம் வெளியேறுவதால் அதற்குப் புள்ளி சேர்க்க அதிக ஆட்டமும் கிடைக்கும். எனக்கு மிகப் பிடித்த யோசனை இதுதான். ஆனால் 12-ல் நான்கு அணி தகுதி பெறும் லீக்கில் கணக்குப்படி வெளியேறுவதற்குள் சீசன் ஏறக்குறைய முடிந்துவிடும். மிஞ்சும் ஆட்டங்கள் சொற்பம். அதோடு யார் எந்தச் சுற்றில் வெளியேறினார் என்று மென்பொருள் சொல்லாது, ஷிஃப்ட் முடிந்து வரும் நிர்வாகி கையால் கணக்குப் போட வேண்டும். கைவிட்டோம்.

குறைந்த வெற்றி பெற்ற அணிக்குக் கூடுதல் பிக் தரலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கான ஏஎஃப்எல் அப்படி ஒன்று வைத்திருந்தது. 2009 சீசனில் மெல்பர்ன் அணி நடந்துகொண்ட விதம் பற்றி விசாரணை நடந்து, 2013-ல் அந்த கிளப்புக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. வேண்டுமென்றே தோற்றதாக நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் அபராதம். இந்தக் கதையைக் கேட்டதும் யோசனை சொன்னவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கிளினிக் பெண் ஒன்றே ஒன்று கேட்டார்: “அண்ணே, சம வாய்ப்புன்னு சொல்றீங்க, சரி. ஆனா நான் எடுத்திருக்கிற அணியில நல்ல ஆளுங்க எல்லாருக்கும் 31, 32 வயசு. அடுத்த வருஷம் நான் நிஜமாவே தோத்தா என்ன பண்றது?” அதற்கு அன்று யாரிடமும் நல்ல பதில் இல்லை.

எது என்பதை விட, எப்போதிலிருந்து

குலுக்கல் என்பதில் பெரும்பாலோர் ஒத்துவந்தார்கள். சண்டை வந்தது வேறு இடத்தில்.

ஆசிரியரின் கையில் லோரி நண்பரின் ஆறாம் சீசன் பிக் இருந்தது. அடுத்த சீசனும் லோரி நண்பர் கடைசியில் வந்தால், பழைய விதிப்படி ஆசிரியருக்கு நிச்சயமாக முதல் பிக். குலுக்கல் உடனே வந்தால் அது நாலில் ஒரு வாய்ப்பாகச் சுருங்கும். “ரெண்டு நல்ல ஆளைக் கொடுத்து வாங்கின பிக். வாங்கின பிறகு படியை மாத்தினா எப்படி?” என்றார். “வாத்தியாரே, பழைய படியில ஒரு தடவை அளந்து 94-ஐ வாங்கியாச்சே” என்று பதில் வந்தது. சிரிப்பு எழுந்தது, அவர் சிரிக்கவில்லை.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் ஆசிரியர் பக்கம் கொஞ்சம் கூட என்பது என் கருத்து. கூட்டத்தில் பலருக்கு அவர் மேல் இருந்த எரிச்சலுக்குக் காரணம் அந்த 94 பையன். எரிச்சலோடு விதி எழுதினால் அது ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகிவிடும். உடனே குலுக்கல் என்று முதலில் வாக்கெடுத்தோம்: 7-க்கு 5. தேறவில்லை.

அப்போது ஆசிரியரே சொன்ன தகவல்தான் வழி திறந்தது. என்பிஏ தன் மாற்றத்தை 2017 செப்டம்பரில் நிறைவேற்றியது, நடைமுறைக்கு வந்ததோ 2019 டிராஃப்டில். நடுவில் ஒரு டிராஃப்டைப் பழைய விதியிலேயே விட்டார்கள். எங்களிடம் கைமாறியிருந்த பிக்குகளில் மிகத் தூரத்தில் இருந்தது ஆறாம் சீசனுடையது. ஆகவே குலுக்கல் ஏழாம் சீசனிலிருந்து என்று மாற்றி வைத்தோம்: 10-க்கு 2.

முடிவான விதி

கடைசி ஆறு அணிகள் குலுக்கலில். குலுக்கிப் போட்டு எடுக்க மொத்தம் 20 காய். 12, 11, 10-ஆம் இடங்களுக்கு ஆளுக்கு 5, ஒன்பதுக்கு 3, எட்டுக்கும் ஏழுக்கும் ஒவ்வொன்று. முதல் இரண்டு பிக்குகள் மட்டும் குலுக்கலில், மற்றவை பழையபடி தலைகீழ் வரிசையில். இதில் கடைசி அணி மூன்றாவது பிக்குக்குக் கீழே போகாது. ஆனால் முதல் பிக் கிடைக்க வாய்ப்பு 25 விழுக்காடுதான், பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு மூன்றாவதாக வருவதற்கு. பத்தாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்குச் சரிவதில் குலுக்கலில் ஒரு காய்கூடக் கூடாது.

இரண்டு மாற்றங்கள் ஆறாம் சீசனிலேயே தொடங்கின. புதுமுகப் பட்டியல் இறுதியாட்டம் முடிந்த பிறகுதான் வெளிவரும். இரண்டு ஆட்டம் தொடர்ந்து பட்டியல் வராவிட்டால், உரிமையாளர் முன்பே பெயர் கொடுத்து வைத்த இன்னொருவர் அனுப்பலாம். இவற்றை யாரும் எதிர்க்கவில்லை.

பின்விளைவுகள்

ஆறாம் சீசனில் இன்னும் பழைய வரிசைதான், ஆனால் ஆட்களை உட்கார வைக்கும் பழக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. 94 இருக்கிறானா, 80-க்கே வழியில்லாத கூட்டமா என்று தெரியாமல் யார் தோற்பார்கள்? லோரி நண்பருக்குப் பதில் அவருடைய அக்கா மகன் பட்டியல் அனுப்பினான். அணி ஒன்பதாம் இடத்துக்கு ஏறியது. ஆசிரியர் அத்தனை பாடுபட்டுக் காத்த பிக், தலைகீழ் வரிசையில் நான்காவதாக வந்தது. குலுக்கல் இருந்திருந்தால் முதலிடத்துக்கு 15 விழுக்காடு வாய்ப்பாவது இருந்திருக்கும். இதை யாரோ அவரிடம் சொன்னார்கள். பரவாயில்லை, சொன்ன சொல் நின்றது போதும் என்றார்.

ஏழாம் சீசன் முடிந்து முதல் குலுக்கல், அதே ஒட்டுக்கடையில். கேரம் காய்களில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதி, மைலோ டின்னில் போட்டோம். ஒரு செட்டில் சிவப்பையும் சேர்த்து 19 காய்தான். இருபதாவதை வேறு செட்டிலிருந்து எடுக்க, அது கொஞ்சம் தடிப்பாக இருந்தது. கையில் பட்டாலே தெரிகிறது என்று டயர் கடைக்காரர் தடுத்தார். சரி என்று காய்களை ஒதுக்கிவிட்டு, ஒரே அளவில் வெட்டின காகிதத் துண்டுகளை மடித்துப் போட்டோம். லீக்கில் சம்பந்தமில்லாத கடை அக்கா எடுத்தார். எல்லாம் கைப்பேசியில் பதிவாகி அப்போதே குழுவுக்குப் போனது.

முதல் சீட்டு பத்தாம் இடத்து அணிக்கு. இரண்டாவது, ஒரே ஒரு சீட்டு வைத்திருந்த ஏழாம் இடத்து அணிக்கு. அந்த அணி ஒரு புள்ளியில் நாக்அவுட்டைத் தவறவிட்ட அணி. பன்னிரண்டாவதாக வந்தது கிளினிக் பெண். கூட்டத்தில் பயந்தபடியே நிஜமாகத் தோற்றவர். கிடைத்தது மூன்றாவது பிக்.

குழுவில் மறுபடி புகைச்சல். ஏழு, எட்டாம் இடங்களைக் குலுக்கலிலிருந்து நீக்குங்கள் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அமெரிக்காவிலும் 2025-ல் இதேதான் நடந்தது. 1.8 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே வைத்திருந்த டல்லாஸ் அணி என்பிஏ-வின் முதல் பிக்கைப் பெற்றது. ஆனால் ஒரு குலுக்கலின் முடிவைப் பார்த்து விதியைத் திருத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். 1993 அதிர்ச்சியில் திருத்தியதைத்தான் என்பிஏ கால் நூற்றாண்டு கழித்து வேறு பக்கமாகத் திருத்த வேண்டி வந்தது. மூன்று குலுக்கல் நடக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

கிளினிக் பெண்ணுக்கு வேறு வழியில் ஒன்று செய்தோம். பாதியில் விட்டுப்போன அணியை எடுத்து நடத்துபவருக்கு முதல் இரண்டு சீசன் முடிவிலும் மூன்றாம் சுற்றின் கடைசியில் கூடுதலாக ஒரு பிக். தோல்வியை வைத்து இல்லை, அணியை எடுத்ததை வைத்து. ஆறாம் சீசன் முடிந்துபோனதால் அவருக்குரிய இரண்டையும் இந்த டிராஃப்டிலேயே சேர்த்துக் கொடுத்தோம். பெரிய உதவி இல்லைதான். அவர் வாங்கிக்கொண்டார்.

மறுபடி செய்வதாக இருந்தால்

ஆள் வராத அணிக்கான விதியை முதலில் கொண்டுவந்து ஒரு சீசன் பார்த்திருக்கலாம். புதுமுகப் பட்டியலை மறைத்ததும் மாற்று ஆள் வைத்ததுமே நோயின் பெரும்பகுதியைத் தீர்த்தன என்று ஆறாம் சீசன் காட்டுகிறது. குலுக்கல் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவ்வளவு சண்டைக்கு அது தகுதியானதா என்று கேட்டால் தயங்குவேன்.

பதிவுகளைப் பொதுவில் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் காட்டுவது இப்போது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பண்டமாற்றுத் தாளிலும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: பிக் கைமாறும் நாளில் உள்ள விதியே அந்தப் பிக்குக்கு, பின்னால் என்ன மாறினாலும். அந்தத் தாளில் முதலில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆசிரியரும் கிளினிக் பெண்ணும். எட்டாம் சீசன் பிக்குக்கு ஒரு கோல்கீப்பர்.

டயர் கடைக்காரரின் கேள்வி மட்டும் பாதி பதிலோடு நிற்கிறது. கடைசிச் சுற்றில் ஒருவர் அசட்டையாக ஆடினால் இன்னொருவரின் கோல் வித்தியாசம் இன்னும் கெடத்தான் செய்யும். சமப் புள்ளி வந்தால் கோல் வித்தியாசத்துக்குப் பதில், அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடின முடிவை முதலில் பார்க்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் முதல் பொருள் அது.